திருமயம் கோட்டையைப் பராமரிக்கிற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துல இருந்து எழுதுறேன். கோட்டையோட நிலைமை உங்களுக்குத் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

ஏழாவது படிக்கிற எங்க அக்கா பையனுக்கு ஸ்கூல்ல உள்ளூர் வரலாறு எழுதிட்டு வரச் சொன்னாங்க. கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். மேல பீரங்கி வரைக்கும் ஏறினான், இரும்பு ஏணியில ஏறி பாறையைக் குடைஞ்சு செஞ்ச அந்தக் குடைவரைக் கோயில் லிங்கத்தையும் பாத்தான், நோட்டைக் கையில வச்சுக்கிட்டு யாராவது சொல்லுவாங்களான்னு ஒவ்வொரு எடத்துலயும் நின்னான். நாங்க போனப்போ சொல்ல ஒரு ஆள் இல்ல. கீழ வந்து "ஊமைத்துரை கட்டின கோட்டை"ன்னு எழுதிட்டான். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையைத்தான் ஊமையன்னு சொல்லுவாங்க. ஊர்ல ஊமையன் கோட்டைன்னுதானே சொல்றோம், பையன் மேல என்ன தப்பு?

ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687ல கட்டினது இது. கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டது 1799, ஊமைத்துரையைத் தூக்குல போட்டது 1801. நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. ஏழு சுத்து மதில் இருந்துச்சுன்னு சொல்றாங்க, இன்னைக்கு மிஞ்சினதுல வெளிச்சுத்து வாசலைத் தாண்டித்தான் ஊர்க்காரங்க தெனம் போறாங்க, அது கோட்டை வாசல்னே பாதிப் பேருக்குத் தெரியாது. காரைக்குடி ரோட்டுல போற வண்டியெல்லாம் கோட்டை பைரவர்கிட்ட நின்னு கும்பிட்டுட்டு அப்படியே கெளம்பிடுது.

மலை அடிவாரத்துல சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒரே பாறையில ஒட்டி இருக்கு. 13ம் நூற்றாண்டுல ரெண்டு கோயிலுக்கும் தகராறு முத்தி, ஹொய்சள தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் உக்காந்து தீத்து வச்சதைக் கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. கோட்டை வர்றதுக்கு நானூறு வருஷம் முன்னாடி! இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்க, கண்ணு எப்படி விரியும்னு. சுதந்திரப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887ல பொறந்ததும் இதே ஊர்லதான்.

நாங்க கேக்குறது ஒண்ணுதான். வாசல்ல, பீரங்கிகிட்ட, குடைவரைகிட்ட, ஒவ்வொரு எடத்துலயும் அந்த எடத்தோட வரலாறு தமிழ்ல, பெரிய எழுத்துல வேணும். சனி ஞாயிறுல விவரம் சொல்ல ஒரு ஆளும் வேணும்.

கோபமாத்தான் இருக்குங்க. எங்க செட்டிநாட்டுப் பக்கம் எத்தனை பழைய வீட்டைப் பிரிச்சு, தூணும் கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைக்குப் போயிருச்சு, இது யார் கட்டினது எப்ப கட்டினதுன்னு ஒரு வரி எழுதி வைக்காமலே போயிருச்சு. அதெல்லாம் தனியார் சொத்து, யாரையும் கேக்க முடியாது. கோட்டை அப்படி இல்லையே, அது பொதுச்சொத்து, அதான் உங்களைக் கேக்குறோம்.

அங்க வேலை பாக்குறவங்களைக் குறை சொல்லல, வெயில்ல அவங்க படுற பாடு தெரியும். தமிழ்ல எழுதித் தர இந்தப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார்கள் நிறைய பேர் இருக்காங்க, காசு வாங்காம செய்வாங்க, நீங்க கூப்பிட்டாப் போதும். அடுத்த முழுப்பரீட்சை லீவுக்குள்ள அந்தத் தமிழ் போர்டுகளை வச்சுக் குடுங்கன்னு பணிவோட கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் பக்கத்து ஊர்க்காரன்