மோக்காவில் உதவிய பெரியவருக்கு நன்றி

மொரீஷியஸ் விடுதியில் அறிமுகமான நண்பர்களோடு முதுகுப்பையைச் சுமந்து சுற்றியபோது, 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்ற என் முப்பாட்டனாரின் தடத்தைத் தேடி, குடியேறியோர் ஆவணங்களைப் பாதுகாக்கும் மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்துக்குச் சென்றேன். அங்கே தாமாக முன்வந்து உதவிய, பெயர் தெரியாத பெரியவருக்கு மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அக்கால எழுத்தர்கள் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், முப்பாட்டனாரின் பழைய சீட்டில் இருந்த, குடியேறிய ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்பட்ட குடியேற்ற எண்ணைக் கொண்டு தேடச் சொன்ன அவருடைய யோசனையே கைகொடுத்தது. கப்பலின் பெயர், வயது, உயரம், இடக்கன்னத்துத் தழும்பு என ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார், கடற்கரைக்குப் போகத் துடித்த நண்பர்களும் (அவர்களுக்கு இதில் என்ன ஒட்டு உறவு!) வாயடைத்து நின்றார்கள். ஐயா, பதிவின் நகல் இப்போது எங்கள் உறவினர் அனைவரிடமும் சேர்ந்துவிட்டது.