குக் படம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தைப் பற்றி 1777-இல் லண்டனில் வந்த புத்தகத்தின் முகப்புப் படம், குக்கின் உருவப்படம் அது. கீழே இடப்பக்கம் இருப்பது வரைந்த வில்லியம் ஹாட்ஜஸ் பெயர். வலப்பக்கம், செப்புத் தகட்டில் செதுக்கிய ஜேம்ஸ் பசையர் பெயர்.

காசு கொடுக்கும் முன் அசல்தானா என்று பார்த்துவிடு. அச்சகத்திலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு போ. கன்னத்தின் நிழலில் கோடுகள் தெரிய வேண்டும், நடுவில் தடித்து முனையில் மயிரிழையாகத் தேய்ந்து. புள்ளி புள்ளியாக இருந்தால் அது போட்டோவிலிருந்து எடுத்த அச்சு; நாங்கள் பிளாக் போட்டு அடித்தோமே, அந்த ரகம். அப்புறம் ஓரத்தைத் தடவிப் பார். ஈரத் தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளையில் அழுத்தி எடுப்பதால் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். ஓரத்தை நறுக்கியிருந்தால் அந்தத் தடம் போயிருக்கும், அதற்கு விலையைக் குறைக்கச் சொல்.

கவிஞர் வில்லியம் பிளேக் அப்போது பசையர் பட்டறையில்தான் தொழில் பழகிக்கொண்டிருந்தார். கடைக்காரர் இதைச் சொல்லி விலையை ஏற்றினால் மயங்கிவிடாதே. பட்டறையில் இருந்தார் என்பதற்காக இந்தத் தகட்டில் கை வைத்தார் என்று ஆகிவிடாது.

குக் என்றதும் எல்லோருக்கும் தெரிந்தது 1776-இல் நதானியேல் டான்ஸ் தீட்டிய படம்: முழுச் சீருடை, முன்னால் தென்கடல் வரைபடம். இயற்கை அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் சொல்லி வரைந்தது. பெரிய மனிதர் படம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கும். எனக்கு ஹாட்ஜஸ் படம்தான் பிடித்திருக்கிறது. 1772 முதல் 1775 வரை ரெசல்யூஷன் கப்பலில் கூடவே போனவர் அவர். அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டிப் பனிக்கட்டிகளுக்கு நடுவே அந்த முகத்தை நாள்தோறும் பார்த்தவர். அவருடைய எண்ணெய் ஓவியம் வெகுகாலம் எங்கே என்றே தெரியாமல் கிடந்து, 1980-களில் கிடைத்தது. இப்போது லண்டன் கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. மாட்டி வைத்திருந்தால் வாங்கும் முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா.

தாளில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, வெளுக்க மட்டும் கொடுக்காதே. வெயில் படும் சுவரிலும் மாட்டாதே. வாடகை வீடு, ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா