முகாமில் பிறந்தவளிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறீர்கள்?

மத்திய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமைப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களின் கதை முழுவதும் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டனை நடவடிக்கை வராதபடி 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் குடியுரிமைக்கான கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

முகாமில் பிறந்து பட்டம் முடித்த ஒரு பெண் விண்ணப்பம் போடுகிறாள். கடைசி 12 மாதமும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவள் பிறந்ததே இங்கேதான். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்று தெரிய வேண்டும். தமிழ் தெரியும். அடுத்து, செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டின் நகலும் தங்கும் அனுமதியின் நகலும் வேண்டும். அங்கே நின்றுவிடுகிறது. அவள் கையில் இருப்பவை தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், முகாம் அட்டை. இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமென்றால் முதலில் சென்னைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடிமகளாக வேண்டும். அதற்குப் பெற்றோரின் பழைய பத்திரங்கள் வேண்டும். படகில் உயிர் தப்பி வந்தவர்கள் பலரிடம் அவை இல்லை. இந்தியராவதற்கு அவள் முதலில் இலங்கையராக வேண்டுமா?

ஒரே முகாமில், ஒரே தாய்க்கு 1986-இல் பிறந்த அக்கா பிறப்பால் இந்தியர். 1988-இல் பிறந்த தம்பி அயல்நாட்டவர். இங்கே பிறந்தாலே குடியுரிமை என்பது முடிந்த 1987 ஜூலை 1 என்ற தேதி உடன்பிறந்தவர்களுக்கு நடுவே கோடு போட்டுவிட்டது. அந்த அக்கா முகாமிலேயே, படகில் வந்த ஒருவரைக் கல்யாணம் செய்து, 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. தகப்பனைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது.

ஊருக்குத் திரும்புகிறீர்களா என்று கேட்டால் பெரியவர்கள் காணியையும் கிணற்றையும் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் பேசுவது வேலையைப் பற்றி. கேம்பஸ் இன்டர்வியூவில் தேறியவன் சான்றிதழ் சரிபார்ப்பில் 'நாடு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். வெளிநாட்டுப் பணி என்றால் பேச்சே இல்லை. அரசு வேலைக்கான தேர்வும் எழுத முடியாது. வேலைக்காக வெளியூரில் தங்கினால் முகாமில் செக்கிங் நாளன்று ஆள் இல்லை என்று பதிவாகும், அரசு தரும் மாதப் பணக்கொடை நிற்கும். அவனை எங்கே போகச் சொல்கிறீர்கள்?

2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழி திறந்தீர்கள். இலங்கையை ஏன் விட்டீர்கள் என்று இந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களிடம் பதில் இல்லை, உங்களிடம்தான் இருக்க வேண்டும். அதே ஆண்டு ஜூனில், முகாமில் வாழும் இந்திய வம்சாவளி மலையகத் தமிழர்கள் தொடுத்த வழக்கில், விதியைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதையும் நினைவூட்டுகிறோம்.

முகாமில் பிறந்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து நீக்குங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதில் பிறப்புச் சான்றிதழையும் முகாம் பதிவேட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்கிறோம், அடுத்த கல்வியாண்டு முடிவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
முகாம்களில் இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பவர்கள்