புகார், விசாரணை, தீர்ப்பு: மூன்றும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் மீதான பாலியல் புகார்ச் செய்திகளில் இரு வேறு விசாரணைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ என்ற அமெரிக்கச் சட்டப்படி கல்லூரி நடத்தும் விசாரணையிலோ, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். அங்கே அதிகபட்சம் கல்லூரியை விட்டு நீக்கலாம்; சிறைக்கு அனுப்ப முடியாது. ஆகவே, கல்லூரி நீக்கிய ஒருவரை நீதிமன்றம் விடுவித்தால் அதில் முரண் ஏதுமில்லை.

2006இல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலை மட்டையால் ஆடும் பந்தாட்டம்) வீரர்கள் மூவர் மீதான வழக்கில், அவர்களுக்குச் சாதகமான டி.என்.ஏ. முடிவுகளை அரசுத் தரப்பு வழக்கறிஞரே மறைத்தார். 2007 ஏப்ரலில் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் அந்த மூவரையும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். டி.என்.ஏ. முடிவுகளை மறைத்த அந்த அரசுத் தரப்பு வழக்கறிஞர் தன் தொழில் உரிமத்தை இழந்தார். இதை வைத்து எல்லாப் புகாரும் பொய் என்பவர்கள் ஸ்டான்ஃபோர்டு நீச்சல் வீரர் வழக்கை வசதியாக மறந்துவிடுகிறார்கள். அங்கே அவர் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதைச் சைக்கிளில் வந்த இரு மாணவர்கள் நேரில் பார்த்தார்கள். 2016இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் கெடுவது முதல் சில நாட்களில்தான். விடுதி கேமராப் பதிவு தானாக அழிந்துவிடும், குறுஞ்செய்திகள் நீக்கப்படும், மருத்துவப் பரிசோதனை தள்ளிப்போகும். போலீசுக்கு முன்பே பயிற்சியாளர் அணியைக் கூட்டிவைத்துப் பேசினால் சாட்சிகள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். அதன்பின் நிஜமாகவே நிரபராதியான வீரரையும் யார் நம்புவது? விசாரணை முடியும்வரை ஆட்டத்திலிருந்து விலக்கிவைப்பது தண்டனை அல்ல என்பதையாவது தலைப்பில் தெளிவாகப் போடுங்கள்.