அடிவாரத்தில் ஒரு கரும்பலகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரி மலைப்பாதை பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கிறது. அந்த நான்கு மாதத்துக்குள்ளேயே பனி, வெயில், இடிமழை மூன்றும் வந்து போய்விடுகின்றன. ஏறுகிறவர்களோ சிவராத்திரி, பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் குறைவு.

மாசியில் ஆளைச் சாய்ப்பது வியர்வை. பூண்டி அடிவாரத்தில் புழுக்கமாகவே இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறைந்துவிடும். முதல் மலையின் கல்படியிலேயே பருத்தி பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஈரத்தோடு மேல்மலை வெட்டவெளியில் ஊதக்காற்று பிடித்தால் உதறல் எடுக்காமல் என்ன செய்யும்? காய்ந்த பனியன் ஒன்றும் குல்லாவும் பையில் இருக்க வேண்டும். இளைப்பாற உட்காருவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு போர்த்தினால் சூடு திரும்ப வெகுநேரம் பிடிக்கும். நாக்கு குழறினாலோ, பொத்தான் போட விரல் மடங்காவிட்டாலோ அந்த ஆளை மேலே கூட்டிப் போகக் கூடாது.

பங்குனியில் கதையே வேறு. வெயிலுக்குப் பயந்து இரவில் ஏறுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு கையில் செல்போன் வெளிச்சம், மறு கையில் மூங்கில் தடி என்றால் சறுக்கும்போது பிடிமானத்துக்குக் கை இல்லை. நெற்றியில் கட்டும் விளக்கு வேண்டும், மாற்று பேட்டரியும் வேண்டும். சுனையில் பிடித்துக்கொள்ளலாம் என்று அரை லிட்டர் பாட்டிலோடு கிளம்புவது தப்புக்கணக்கு. கோடை முற்ற முற்ற சுனை சொட்டாகத்தான் வரும், வரிசையும் நிற்கும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல் வரும். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பினால் கெடுதல். குமித்து அள்ளாமல் தலைதட்டிப் போட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அதை வாய்வு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார வைத்து, ஆட்களை வைத்துத் தூக்கித்தான் இறக்க வேண்டும். நடத்திக் கூட்டி வரக் கூடாது.

சித்திரை மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்பும், பொழுது சாயும் நேரத்தில் இடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணிப் பார்க்கலாம்; மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உச்சியில் நிற்கக் கூடாது. கடைசி இடிக்குப் பின் அரைமணி நேரம் பொறுத்துத்தான் திரும்ப ஏறலாம். மொட்டையான ஏழாவது மலையில் ஒதுங்கக் கிடைப்பது பாறை இடுக்குதான். ஆனால் பாறையில் இறங்கும் மின்சாரம் இடுக்கின் வாயைத் தாண்டிப் பாயும், உள்ளே நிற்கிறவர் வழியாகவே. அங்கே கூட்டமாகப் பதுங்குவதைவிடத் தள்ளித் தள்ளி இறங்குவது மேல். நனைந்த மண்தரையில் குதிகாலை ஊன்றினால் சறுக்கும். பாதம் முழுக்கப் படிய, சின்ன அடியாக வைக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி யாருமே கணக்குப் போடுவதில்லை. மூச்சு வாங்காததால் சுலபம் போலத் தெரியும். உடம்பைத் தடுத்து நிறுத்தும் வேலை முழுவதும் தொடைக்கு. அதனால்தான் கடைசி மலையில் கால் வெடவெடக்கிறது. போதாதற்கு, போகும்போது ஆண்டி சுனைக்கு இறங்கிய ஆறாவது மலை வரும்போது ஏற்றமாகிவிடும். தடி நெஞ்சளவு உயரம் இருந்தால் இறங்கும்போது முன்னே ஊன்ற வசதி. ஷூ போடுகிறவர்கள் முந்தின நாளே கால் நகம் வெட்டி, இறங்குமுன் கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டினால் பெருவிரல் நகம் கருக்காது.

வெள்ளியங்கிரி மூடியிருக்கும் ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்துச் சென்னிமலை, சிவன்மலை போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது, குடையை விடுமா? சென்னிமலையின் 1,320 படியும் நல்ல பயிற்சி. வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் கல் சுடும்.

ஐப்பசியில் கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே இறக்கம் முதலில், ஏற்றம் பிறகு. தெம்பில் பாதியை மேலே ஏற மிச்சம் வைக்க வேண்டும். அருவித் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம். துணியை எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே வனத்துறைக்கும் அறநிலையத் துறைக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பூண்டியில் பிளாஸ்டிக் சோதனை நடக்கும் இடத்திலேயே ஒரு கரும்பலகை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான்கு வரி: மேலே காற்று எப்படி, எந்தச் சுனையில் தண்ணீர் வருகிறது, இடிமழை எச்சரிக்கை உண்டா, எத்தனை மணிக்கு எந்த மலையில் இருந்தால் திரும்பிவிட வேண்டும். மழை எச்சரிக்கையை வானிலை மையம் தருகிறது. மற்றதை, அப்போதுதான் இறங்கித் தடியை ஊன்றி நிற்கும் இரண்டு பேரிடம் கேட்டு எழுதிவிடலாம். ஒரு சாக்பீஸ் செலவு.

இப்படிக்கு,
மலையேறும் வாசகர்கள் சிலர்,
காங்கேயம்.