சோபாவுக்கும் டி.வி.க்கும் எத்தனை அடி?

ஆசிரியருக்கு,

வணக்கம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதிலிருந்து, 'இன்னும் கொஞ்சம் போட்டால் 55 அங்குலமே வாங்கிவிடலாமே' என்ற பேச்சுதான் எங்கும் கேட்கிறது. விலை கேட்கிறார்கள், ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே-வா என்று கேட்கிறார்கள். உட்காரும் இடத்திலிருந்து டி.வி. எத்தனை அடி தள்ளியிருக்கும் என்று கடைக்காரரும் கேட்பதில்லை. வாங்குகிறவரும் அளந்துகொண்டு போவதில்லை.

நல்ல பார்வைக்கும் ஓர் எல்லை உண்டு. 55 அங்குலத் திரையில், 1080 வரிகள் கொண்ட ஃபுல் எச்டி படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள் ஏறத்தாழ 7 அடிக்கு அப்பால் தனித்துத் தெரியாது. 43 அங்குலத்தில் ஐந்தரை அடியிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. 9 அடி தள்ளி சோபா போட்ட ஹாலில், 43 அங்குல 4கே டி.வி.யின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது. நிறமும் வெளிச்சமும் நன்றாக இருந்தால் அது வேறு கணக்கு.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் சேனலில் இருக்கிறது. கடையில் ஓடுவது காட்சிக்கென்றே எடுத்த 4கே படம். பல வீடுகளில் செட்டாப் பாக்ஸ் வழியே வருவதோ 576 வரிகள் மட்டுமே கொண்ட, எஸ்டி எனப்படும் சாதாரணத் தரச் சேனல். 9 அடியில் 32 அங்குல டி.வி.யில் பளிச்சென்று தெரிந்த அதே செய்தி, 55 அங்குலத்தில் குழம்பிப்போகிறது. கீழே ஓடும் எழுத்துகளின் ஓரம் கரைகிறது; வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதுபோல் வழவழக்கிறது. புது டி.வி. பழுது என்று சர்வீஸுக்குப் புகார் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழுது ஒன்றுமில்லை. எஸ்டி படத்தின் குறை அந்தத் திரையில் தெரியாமலிருக்க 13 அடியாவது தள்ளி உட்கார வேண்டும். எத்தனை வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது?

எச்டி சேனலும் நல்ல இணைய இணைப்பும் உள்ளவர்கள் 9 அடிக்கு 55, 65 அங்குலம் தாராளமாக வாங்கட்டும். எஸ்டி சேனல்களே ஓடும் வீட்டுக்கு 43 போதும் என்பேன்.

மின்சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறியீடு ஒட்டுகிறார்களே, அதன் பக்கத்திலேயே எஸ்டி, எச்டி, 4கே ஒவ்வொன்றுக்கும் உகந்த தூரத்தை அடிக்கணக்கில் அச்சிடத் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். கடைகளிலும், கேட்பவர்களுக்குச் சாதாரண எஸ்டி சேனல் ஒன்றை ஓடவிட்டு, பத்தடி தள்ளி நிற்கவைத்துக் காட்ட வேண்டும்.

— வாசகர், திருச்சி