பதினொரு நிமிஷம்

அன்பு மாப்ளே,

இங்கு நலம். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீ கூப்பிட்ட இரண்டு முறையும் போனை எடுக்கவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி தவிர மற்றபடி சௌக்கியம். சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒட்டடைக்குச்சி ஒருவழியாக வீட்டைக் கட்டி முடித்துவிட்டான். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் உன் பேரைத் தப்பாக அடித்திருக்கிறான், வேண்டுமென்றேதான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் சைக்கிள்.

டாக்டர் நடக்கச் சொன்னார், நான் மிதிக்க ஆரம்பித்தேன். மூணு மாச சர்க்கரை எட்டரைக்கு மேல் இருந்தது, இப்போது ஏழுக்குக் கீழே. அதோடு நிறுத்தியிருக்கலாம். விடிகாலை நாலரைக்கு எழுந்து, தெருநாய்களிடம் தினமும் ஒரு சமாதான ஒப்பந்தம் போட்டுவிட்டு, ஒத்தக்கடை பக்கம் போனால் யானைமலை இருட்டுக்குள் படுத்திருக்கும். கிழக்கு வெளுக்க வெளுக்க முதலில் முதுகு தெரியும், அப்புறம்தான் தலை. நாற்பது வருஷமாக அந்த மலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவனுக்கு, அது எவ்வளவு நீளம் என்று சைக்கிளில் போனபோதுதான் தெரிந்தது. திரும்பும்போது ஒரு பருத்திப்பால். சர்க்கரை போட்டா என்று நீ கேட்பாய். கேட்காதே.

வண்டியைப் பார்த்தால் நீ சிரிப்பாய். மொத்தமே பத்து கிலோ. டயர் என் கட்டைவிரல் அகலம், அதற்குள் தொண்ணூறு பவுண்டு காற்று. செயின் கவர் இல்லை, மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டும் இல்லை. உங்கள் அப்பா பார்த்திருந்தால், "இதுல என்னத்தைடா வாடகைக்கு விடுறது?" என்று கேட்டிருப்பார். பஞ்சு வைத்த இறுக்கமான கால்சட்டையில் என்னைப் பார்த்த உன் தங்கச்சி, சர்க்கஸ் எந்த ஊரில் என்று கேட்டாள்.

போன மாதம் இருநூறு கிலோமீட்டர் ஓட்டினேன். பிரெவே என்று ஒரு சங்கதி இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்தது. பந்தயம் கிடையாது, முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மரியாதை. ஆனால் குறித்த நேரத்துக்குள் வந்தாக வேண்டும். இருநூறுக்குப் பதின்மூன்றரை மணி நேரம், முந்நூறுக்கு இருபது, நானூறுக்கு இருபத்தேழு, அறுநூறுக்கு நாற்பது. நாலையும் ஒரே வருஷத்தில் முடித்தால் ஒரு பட்டம் உண்டு. அதற்கும் மேலே, நாலு வருஷத்துக்கு ஒருமுறை பாரிஸ் பக்கத்தில் ஆரம்பித்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர், தொண்ணூறு மணி நேரத்துக்குள். 2027இல் அடுத்தது. ஆறேழு மாதமாக என் மண்டைக்குள் ஓடியது இந்தக் கணக்குதான். உன் போனை எடுக்காத இரண்டு முறையும் சராசரி வேகம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வழி உனக்குத் தெரிந்ததுதான். மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை, அதே வழியில் திரும்பல். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், இரவு ஏழரைக்குள் வரவேண்டும். விராலிமலையில், வந்ததற்கு அடையாளமாக அட்டையில் முத்திரை வாங்க மதியம் 12.40 வரை நேரம். பன்னிரண்டே காலுக்குப் போய்விட்டேன். மயில் அகவுவது கேட்டது, நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. தயிர்சாதத்தை நின்றபடியே விழுங்கினேன்.

திரும்பும்போது ஆடிக்காற்று முகத்தில் அடித்தது. துவரங்குறிச்சி பக்கம் பின் டயர் உஸ்ஸென்று உட்கார்ந்தது. சீமைக்கருவேல முள், அரை இஞ்ச்! மாற்று ட்யூபைப் போட்டேன். என் கைப்பம்பு பாதியிலேயே மூச்சு விட்டுவிட்டது. அங்கிருந்து உருட்டிக்கொண்டே போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தால், அவருடைய கம்ப்ரசர் குழாய் என் வால்வில் உட்காரவில்லை. "இதென்ன சார், மூக்கு இவ்வளவு ஒல்லியா இருக்கு?" அதற்கென்று பித்தளையில் ஒரு குட்டி மூடி உண்டு. அதைத் திருகிவிட்டால் எந்தக் குழாயும் பொருந்தும். இருபது, முப்பது ரூபாய் இருக்கும். அது வீட்டில் டிவி மேல் இருந்தது. கடைக்காரர் துணியைச் சுற்றி, விரலால் அழுத்தி, பாதிக் காற்றைத் தன் முகத்திலேயே வாங்கிக்கொண்டு எப்படியோ ஏற்றிவிட்டார். ஐம்பது நிமிஷம் போச்சு.

இதுவரை சொன்னதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டேன். இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லவில்லை.

கருங்காலக்குடி தாண்டி, மணி ஐந்து இருபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. நாலுவழிச் சாலையின் ஓரக்கோட்டுக்கு வெளியே ஒரு பெரியவர் விழுந்து கிடந்தார். பழைய கறுப்பு சைக்கிள், நம்ம காலத்து வண்டி. கேரியரில் கட்டியிருந்த புல்லுக்கட்டு அவிழ்ந்து வெள்ளைக்கோடு மறைகிற அளவுக்குச் சிதறியிருந்தது. எதிர்த்திசையில் ஓரமாக வந்த பைக் ஒன்று தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்த ரோட்டில் அது தினசரி நடப்பது, எனக்கே நாலு தடவை குலை நடுங்கியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்கள், எதிரே ஒரு டீக்கடை. பெரியவர் உட்கார முயன்றுகொண்டிருந்தார், இடது கை மட்டும் கூட வரவில்லை.

நான் பிரேக் பிடித்தேன். ஒரு காலை ஊன்றினேன். ஒரு கால்தான், மாப்ளே. இன்னொரு கால் பெடலில்தான் இருந்தது. "ஆள் இருக்கீங்கள்ல?" என்று கேட்டேன். அந்த இருவரில் ஒருவன் என் உடுப்பையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "நீங்க போங்க சார்" என்றான்.

போனேன்.

சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் பஞ்சு இருந்தது, டெட்டால் இருந்தது, சுற்றும் துணி இருந்தது. ஆறு மாதமாகச் சுமந்தேன், ஒருநாளும் பிரித்ததில்லை. 108க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போனும் கைப்பிடியிலேயேதான் மாட்டியிருந்தது, நேரம் காட்டிக்கொண்டு.

ஏழு மணி பத்தொன்பது நிமிஷத்துக்கு வந்து சேர்ந்தேன். பதினொரு நிமிஷம் மிச்சம். கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், சின்னவள் மாலை போட்டாள். மெடல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். இன்னும் கட்டவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டார்கள், தகரத்துக்கு எதற்குக் காசு என்று சமாளித்தேன். சைக்கிளில் என்னென்னமோ தகரத்துக்கெல்லாம் கொட்டிக் கொடுத்தவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

அவன் போகச் சொன்னான், அதனால் போனேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நம்ம மொட்டை வாத்தியார் ரோட்டில் மயங்கி விழுந்த அன்றைக்கு நீ பரீட்சையை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அது ஞாபகம் வந்ததும் அந்தச் சால்ஜாப்பும் போய்விட்டது. அப்புறம் பத்து நாள் சைக்கிளைத் தொடவில்லை. சளி என்று சொல்லி வைத்தேன்.

போன ஞாயிறு பஸ் ஏறி அந்த டீக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரியாததில் எனக்கு நிம்மதி, அந்த நிம்மதியில் இன்னும் கொஞ்சம் வெட்கம். பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவாம், கட்டுப் போட்டு மகள் வீட்டில் இருக்கிறாராம். மாடு இரண்டையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்களாம். சைக்கிள் கடைக்குப் பின்னால் சாத்தியிருந்தது. முன்சக்கரம் நெளிந்து ஃபோர்க்கில் உரசி நிற்கிறது, நாலைந்து போக்ஸ் கம்பி அறுந்திருக்கிறது. ரிம் போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னால் சிவப்புக் கண்ணாடிகூட இல்லை. என் வண்டியில் பின்னால் மட்டும் இரண்டு விளக்கு.

மதுரைக்கு எடுத்துப்போய்ச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்றேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? அவரு வந்து வண்டி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" நியாயமான கேள்வி. நான் யாரென்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டுமானால் இங்கேயே வைத்து ரிப்பேர் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பஞ்சர் ஒட்டவே மூச்சு வாங்கும். பெண்டு எடுக்கத் தெரிந்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். உங்கள் அப்பா வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் சாக்பீஸை வைத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவாரே, எங்கே கோடு விழுகிறதோ அங்கே கம்பியை இறுக்கச் சொல்லி உன் தலையில் குட்டுவாரே, அது மறந்திருக்காது. அவருடைய போக்ஸ் சாவி இன்னும் உன்னிடம் இருக்கிறதா? கம்பியும் நிப்பிளும் நான் வாங்கி வைக்கிறேன். இருபத்தெட்டு இஞ்ச் சக்கரத்துக்கு எந்த நீளம் என்று மட்டும் எழுது.

வருகிற ஞாயிறு முடியாது என்றால் அதற்கடுத்த ஞாயிறு. கோவில்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடி, மாட்டுத்தாவணியில் நிற்கிறேன். அங்கிருந்தும் பஸ்தான், பயப்படாதே, உன்னை மிதிக்க வைக்க மாட்டேன். பெரியவரின் மகள் வீடு எங்கே என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே போகும்போதும் நீ கூட வா.

உன் வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இந்த விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லாதே, அன்றைக்கே இங்கே போன் வந்துவிடும்.

உன்,
மாப்ள